எண்ணாமல் விட்ட ஆள்

குன்றின் மேல் நின்று பார்த்தால் அங்கே ஒரு கோட்டை இருப்பதே தெரியாது. புல் முளைத்த நான்கு கான்கிரீட் மேடுகள், ஒரு இரும்புக் கதவு, டிக்கெட் கொடுக்கும் மரக்கூண்டு. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பூமிக்கு அடியில். நூற்று எண்பத்து நாலு படி இறங்கினால் கட்டில் வந்து சேராத படுக்கைக் கூடங்களும், அடுப்பு வைக்காத சமையலறையும், பீரங்கியே பார்க்காத பீரங்கிக் கிணறும் வரும்.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து படை வரும் என்று பயந்து அவசர அவசரமாகக் கட்ட ஆரம்பித்தது. மூன்று ஷிஃப்டில் ஆயிரம் பேர் வேலை செய்தார்களாம். பாதி முடிவதற்குள், பெரிய மனிதர்கள் எங்கோ ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். குன்று, ஊர், ஆறு எல்லாம் அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டன. ஒரு தோட்டா வெடிக்கவில்லை. அப்புறம் யுத்தம் வந்து, யுத்தம் முடிந்து, எல்லைக்கோடும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. கோட்டையைத் திரும்பத் தொட யாருக்கும் மனசில்லை. சில வருஷம் உருளைக்கிழங்கு கொட்டி வைத்தார்கள். சில வருஷம் காளான் வளர்த்தார்கள். கடைசியில் அருங்காட்சியகம் ஆனது.

அதன் கடைசி அடுக்கில் விளக்கு போடுவதற்காக நான் போனேன். மூன்று மாத வேலை. வெளியூர்க்காரன் தங்குவதற்கு அந்தச் சின்ன ஊரில் இடமில்லை. டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருந்த பெண்தான், "எங்க வீட்ல பின்னறை சும்மாதான் கிடக்கு. சுவர்ல ஈரம் இருக்கும், பரவாயில்லையா?" என்றாள். அவளுடைய கணவர் அங்கேயே வழிகாட்டி. நாற்பத்து நாலு வயது. முன்பு ஊரிலிருந்த நூல் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலை மூடியதும் இந்த வேலை.

அந்த வீட்டில் மூன்று பேர்தான். வழிகாட்டி, அவர் மனைவி, அவருடைய அம்மா. பிள்ளைகள் இல்லை. அம்மாவுக்கு எழுபத்தொன்று. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாற்பது வருஷம் இஸ்திரி போட்டவர். வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. தெருவில் பாதி வீட்டுத் துணி அவர் மேஜைக்கு வரும். சமையலறை முழுக்க எப்போதும் நனைந்த துணி சூடாகும் வாசனை.

முதல் நாள் சாயங்காலம், அவித்த உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் தட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்தோம். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மகனைக் கேட்டார்.

"இன்னைக்கு எத்தனை தடவைடா காட்டிக் குடுத்தாரு?"

"மூணு தடவைமா."

"மூணுதானா? ஞாயித்துக்கிழமைன்னா அஞ்சாறு தடவை காட்டிக் குடுப்பாரே."

"மழைமா. கூட்டமில்ல."

மருமகள் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். "அத்தை, புதுசா வந்தவருக்கு ஒண்ணும் புரியாது."

"புரியட்டுமே. இங்க மூணு மாசம் இருக்கப் போறாரு, ஊர்ல எவனாவது சொல்லத்தான் போறான்." அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, கீழ அஞ்சாவது நிறுத்தத்துல ஒரு துரோகி கதை சொல்லுவாங்க, கேட்டீங்களா? சென்ட்ரிங் தச்சன் ஒருத்தன் கோட்டையோட வரைபடத்த எடுத்துக்கிட்டு எல்லை தாண்டி ஓடிட்டான்னு?"

"இன்னும் கேக்கலம்மா."

"கேளுங்க. என் பையன் நல்லா சொல்லுவான். அந்தத் தச்சன் எங்கப்பா."

வழிகாட்டி தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு அந்த வீட்டில் தினமும் நடப்பது என்று போகப் போகத்தான் தெரிந்தது. சிரித்துச் சிரித்தே அதை ஒரு மாதிரி ஆறப்போட்டு வைத்திருந்தார்கள்.

மறுநாள் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்க் கேட்டேன். பீரங்கிக் கிணற்றின் விளிம்பில் கம்பி வேலிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. ஐம்பதடி ஆழம், அதில் பாதிக்குமேல் கறுப்புத் தண்ணீர். வழிகாட்டி டார்ச்சை அந்தத் தண்ணீர்மேல் அடித்து, மனப்பாடமான குரலில் சொன்னார்: கோட்டையைக் கைவிட்ட அன்று வேலைக்கு வந்த ஒரு தச்சன் மாயமானான். அவனோடு வடிகால் வரைபடமும் மாயமானது. கோட்டைக்குள் நுழையும் ரகசிய வழி எதிரிக்குத் தெரிந்துவிட்டது. பெயரையும் சொன்னார். தன் தாத்தாவின் பெயரை, யாரோ ஒருவருடைய பெயரைப் போல. கூட்டம் அந்த இடத்தில்தான் வாயைப் பிளந்தபடி கேட்டது. மற்ற நிறுத்தங்களில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இங்கே ஃபோட்டோ எடுத்தார்கள்.

"காப்பாளருக்குத் தெரியுமா?" என்று அப்புறம் கேட்டேன். அருங்காட்சியகத்தின் காப்பாளர் வேறு ஊர்க்காரர். பழைய சரித்திர வாத்தியார். பொறுமையாக ஒவ்வொரு தாளாகத் தேடிச் சேர்த்து அந்த இடத்தை உருவாக்கியவர்.

"தெரியாது. நான் சொல்லல. வேலைக்குச் சேர்ந்தப்பவே கையில எழுதிக் குடுத்துட்டாரு, அஞ்சாவது நிறுத்தத்துல இதைச் சொல்லணும்னு. இன்ஜினியரோட அறிக்கை இருக்கு, பழைய பேப்பர்ல வந்திருக்கு. நான் என்னத்தச் சொல்றது? எங்க வீட்லயே அப்படித்தானே நம்புறோம்."

வீட்டிலும் அப்படித்தான் நம்பினார்கள். அம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு காலை ஷிஃப்டுக்குப் போனார், வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பேப்பரில் பெயர் வந்தது. அந்தப் பக்கத்துப் படை ஊருக்குள் வந்தபோது, இவன்தான் கூட்டிவந்தான் என்று ஊரே சொன்னது. படை போன பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. வாசலில் தார் பூசினார்கள். ரொட்டிக் கடையில் வரிசையிலிருந்து வெளியே இழுத்து விட்டார்கள். அப்பா போன முதல் குளிர்காலத்திலேயே தம்பிக்கு நெஞ்சுச் சளி கட்டியது. டாக்டர் வருகிறேன் என்றார், வரவில்லை. தம்பிக்கு மூன்று வயது.

"எங்கம்மா அழல," என்றார் அம்மா ஒருநாள், தலையணை உறைகளை நான்காக மடித்துக்கொண்டே. "தம்பியைப் புதைச்சுட்டு வந்து, எங்கப்பாவோட சட்டை ரெண்டு ஆணியில தொங்கிட்டிருந்துச்சு, எடுத்து அடுப்புல போட்டா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவர் பேர எடுக்கவே இல்ல. தரை தொடைச்சே என்னை வளத்தா. முப்பத்தொம்பது வயசுல செத்தா. சாகுற அன்னைக்கு நான் கேட்டேன், அப்பா உயிரோட இருப்பாராம்மான்னு. சுவத்தைப் பாக்கத் திரும்பிக்கிட்டா. அந்தப் பக்கம் அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கும்னு நானும் நினைச்சுக்கிட்டேன். அங்க நல்ல நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு இருப்பாருன்னு. சின்ன வயசுல எனக்கு அதான் கோபம். அந்தச் சட்டைய யாரு இஸ்திரி போடுறான்னு."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

கிணற்றிலிருந்த தண்ணீரை இறைத்தால்தான் நான் கடைசி அடுக்கில் கேபிள் பதிக்க முடியும். இரண்டு மோட்டாரை வைத்து பதினோரு நாள் இறைத்தோம். தண்ணீர் வற்ற வற்ற, சுவரில் அழுக்குக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பன்னிரண்டாம் நாள் காலை கயிற்றேணி கட்டி நானும் வழிகாட்டியும் இறங்கினோம். அடியில் முழங்கால் அளவு சேறு. மூச்சு விட்டால் புகையாக நின்றது.

"அது என்ன?" என்றார் அவர்.

சுவரில் சாய்ந்து ஒரு ஏணி நின்றுகொண்டிருந்தது.

மரம் கறுத்து ஊறி, சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. ஆனால் ஏணிதான். கான்கிரீட்டுக்கு அச்சாக அடிக்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று சேர்த்து அடித்துச் செய்தது. நான் கட்டட வேலைக்காரர்களோடு இருபத்தைந்து வருஷம் பழகியவன். கிட்டே போய் ஒவ்வொரு சட்டமாக விளக்கடித்துப் பார்த்தேன். சட்டங்கள் ஒரே இடைவெளியில் இருந்தன. தொழில் தெரிந்தவன் கை. ஆனால் ஆணிகளில் பாதிக்குமேல் வளைந்திருந்தன. சில இடத்தில் ஆணி இறங்கவே இல்லை, பக்கத்தில் மரத்தில் சுத்தியல் பட்ட பள்ளங்கள்.

"நல்ல தச்சன் இவ்வளவு ஆணிய வளைக்க மாட்டானே," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே விஷயம் உறைத்தது. வெளிச்சமில்லாமல் அடித்திருக்கிறான்.

ஏணி பதினெட்டடி இருந்தது. அதற்கு மேல் முப்பதடிக்கு வெறும் கான்கிரீட் சுவர். பலகை மிச்சமில்லை. மேலே இருந்த சென்ட்ரிங்கையெல்லாம் அன்று காலைதான் பிரித்து, கயிற்றில் கட்டி மேலே அனுப்பியிருக்க வேண்டும். பிரித்தவனும் அவனாகத்தான் இருக்கும்.

கிணற்றின் அடியில் ஒரு பக்கமாக வடிகால் சுரங்கம் ஆரம்பிக்கிறது. ஆள் குனிந்து போகலாம். வரைபடத்தில் அது இருநூறடி ஓடி, ஆற்றங்கரைச் சரிவில் வெளியே திறக்கும். நிஜத்தில் அறுபதடி தோண்டினார்கள், அதற்குள் வேலை நின்றுவிட்டது. நாங்கள் குனிந்து போனோம். கடைசியில் பாறை. பாறையில் கடப்பாரை கொத்திய வெள்ளைப் புள்ளிகள், இடுப்பளவு உயரத்தில் கொஞ்சம், அதற்குக் கீழே நிறைய, இன்னும் கீழே தரையோடு தரையாகச் சில. உட்கார்ந்துகொண்டும் கொத்தியிருக்கிறான். அப்புறம் படுத்துக்கொண்டும்.

கடப்பாரை சேற்றில் கிடந்தது. பைப் என்று நினைத்து நான்தான் இழுத்தேன். அதோடு சேர்ந்து எலும்பும் வந்தது.

வழிகாட்டி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அவர் எதையும் தேடவில்லை. நான்தான் சேற்றைக் கையால் விலக்கினேன். ஒரு பெல்ட் கொக்கி. தகரக் குழல் ஒன்று, மூடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. வரைபடம் சுருட்டி வைக்கும் குழல். அப்புறம் பித்தளை வில்லை ஒன்று. துடைத்ததும் எண் தெரிந்தது: நானூற்றுப் பதினேழு.

காப்பாளர் மேலிருந்து பழைய கோப்புக் கட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கோட்டைக்குள் நுழையும்போது வாயிற்காப்போன் ஆளுக்கு ஒரு வில்லை கொடுப்பான், வெளியே போகும்போது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்ஜினியரின் அறிக்கையில் எழுதியிருந்தது: 'எண் 417, சென்ட்ரிங் தச்சன், வடிகால் வரைபடத்துடன் தலைமறைவு.'

"வெளியவே போகல," என்றார் காப்பாளர். "வில்லை கையிலேயே இருக்கே. வரைபடம் இல்லாம வடிகால் வேலை எப்படி செய்வாரு, குடுத்துத்தானே அனுப்பியிருப்பாங்க. அன்னைக்குப் பதினோரு மணிக்குக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு. மூணு மணிக்கெல்லாம் லாரி கிளம்பிடுச்சு. இவர் சுரங்கத்துக்குள்ள இருந்தப்பவே ஏணி, கயிறு, பலகை எல்லாத்தையும் எண்ணி ஏத்தியிருக்காங்க. இங்க பட்டியல் இருக்கு பாருங்க. ஏணி ஒன்பது. கயிறு நாப்பது சுருள்." தாளைப் புரட்டினார், திருப்பினார், மறுபடி முதலிலிருந்து பார்த்தார். "ஆளுங்களுக்குப் பட்டியல் இல்லை."

"சார், அவர் எங்க தாத்தா," என்றார் வழிகாட்டி.

காப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருஷமாக அந்தக் கதையை யார் வாயால் சொல்ல வைத்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "நீங்க ஏன்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

படியேறும்போது வழிகாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணே, ஏணிய அம்மாகிட்டச் சொல்லாதீங்க. பாறையக் கொத்தினதையும் சொல்லாதீங்க. கால் தவறி விழுந்துட்டாரு, விழுந்ததும் உயிர் போயிடுச்சு. அவ்வளவுதான்."

"தெரிஞ்சா?"

"எழுபத்தொரு வயசு. இத்தனை வருஷம் அவரத் திட்டித்தான் ஓட்டியிருக்கா. இப்ப, அவரு இருட்டுல எத்தனை நாள் கிடந்தாருன்னு யோசிச்சுக்கிட்டே மிச்சக் காலத்த ஓட்டணுமா? தண்ணி இருந்திருக்கு கீழ. குடிக்கத் தண்ணி இருந்தா ஆளு எத்தனை நாள் தாங்குவாருன்னு உங்களுக்கே தெரியுமே."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அன்று சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குப் போனபோது அம்மா பள்ளிச் சீருடை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மகன் சொன்னதைக் கேட்டார். பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே கேட்டதில் துணி தீய்ந்து புகை வந்தது. மருமகள் ஓடிப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஓடலியா?" என்றார் அம்மா.

"இல்லமா. இங்கயேதான் இருந்திருக்காரு."

"இந்தக் குன்றுக்குள்ளயா?"

"ஆமா."

அம்மா தீய்ந்த துணியைத் தடவிக்கொண்டே நின்றார். அப்புறம் என்னைக் கேட்டார். "தம்பி, நீங்கதான் முதல்ல பாத்தீங்களாம். வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. அவ்வளவு உயரத்துலேருந்து விழுந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"சரி," என்றார். தலையை ஆட்டினார். ஆறுதல் அடைந்த முகமாக அது இல்லை. எதையோ எதிர்பார்த்துக் கை நீட்டி, வெறும் கையை மடக்கிக்கொண்டவர் மாதிரி இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது இவ்வளவுதான் சொன்னார். "அப்ப துரோகியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தவறி விழுந்த ஒரு ஆளு."

அந்தப் பொய் நான்கு நாள்தான் தாங்கியது. ஐந்தாம் நாள் காலை, வாசலில் ஒரு பத்திரிகைக்காரப் பெண்ணும் கேமராக்காரரும் வந்து நின்றார்கள். வழிகாட்டியும் மனைவியும் வேலைக்குப் போயாகிவிட்டது. நான் பின்னறையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் நல்ல மாதிரிதான் பேசினாள், குரலில் இரக்கம் இருந்தது.

"அம்மா, டாக்டர் அறிக்கையில எலும்பு எதுவுமே முறியலன்னு இருக்கு. உங்கப்பா பல நாள் உயிரோட இருந்திருக்காரு. இருட்டுல ஒரு ஏணியே செஞ்சிருக்காரு. அதப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?"

நான் வெளியே வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்திரிகைக்காரியைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"என்ன ஏணி?"

நான் கையிலிருந்த ஒற்றை ஷூவைக் கீழே வைத்தேன்.

"நீயும் சேந்துக்கிட்டுப் பொய் சொன்னியா?" அதுவரை 'வாங்க, போங்க' என்றவர், அன்றுதான் என்னை நீ என்றார். "என் மேல்கோட்டை எடு. அந்த அலமாரியில இருக்கு. என்னைக் கூட்டிட்டுப் போ."

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒருநாள்கூட அந்தக் குன்றில் கால் வைத்ததில்லை. தூறலில் நனைந்துகொண்டே ஏறினோம். வழியில் மூன்று இடத்தில் நின்றார். முழங்கால் இரண்டும் கெட்டுப்போனவர். கூண்டிலிருந்த மருமகள் எங்களைப் பார்த்ததும் டிக்கெட் கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வழிகாட்டி ஒரு கூட்டத்தை நடுவில் நிறுத்திவிட்டு வந்தார்.

"அம்மா, வேணாம்மா. நூத்தி எண்பத்து நாலு படி."

"எங்கப்பா தினம் இறங்கின படிதானே."

"அதுக்குக் கீழ கயித்தேணிமா, உன்னால முடியாது."

"முடியாட்டி என்னைக் கயித்துல கட்டி இறக்கு. பலகையெல்லாம் கட்டி இறக்கல?"

கயிற்றேணி என்றது அவரைத் தடுக்கத்தான். முந்தின நாளே காப்பாளர் கிணற்றுக்கு இரும்புப் படி போட்டிருந்தார். வழிகாட்டி முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். ஒரு மணி நேரம் ஆனது. காப்பாளர் மேலேயே நின்றுவிட்டார். கூட வர அவருக்குத் துணிவு வரவில்லை.

கீழே நான் போட்டிருந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா ஏணிக்கு முன்னால் நின்றார். முதலில் தொடவில்லை. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார்.

"இதுக்கு மேல ஏன் இல்ல?"

"பலகை தீர்ந்துடுச்சுமா," என்றார் மகன். "மேல இருந்ததையெல்லாம் காலையிலயே பிரிச்சு அனுப்பிட்டாரு."

"கத்தியிருப்பாரு இல்ல?"

"கத்தியிருப்பாரு. மேல யாரும் இல்லமா. எல்லாரும் போயிட்டாங்க. கிணத்து மேல பலகை போட்டு மூடிட்டுப் போயிட்டாங்க."

அம்மா ஏணியின் மூன்றாவது சட்டத்தில் கையை வைத்தார். வளைந்த ஆணி ஒன்றைக் கட்டைவிரலால் தடவினார். ஈரமாக இருந்தது, துரு விரலில் ஒட்டியது. மகன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "இதத்தாம்மா உனக்குச் சொல்ல வேணாம்னு நினைச்சேன். மன்னிச்சுக்கோ."

"அட மடையா," என்றார் அம்மா. குரல் அதட்டலாக இல்லை. "இதப் போய் மறைச்சியே. தவறி விழுந்து செத்தாருன்னியே, நாலு நாளா எனக்கு என்னவோ போல இருந்துச்சு தெரியுமா? செத்தாரு, சரி. அவ்வளவுதானா, எங்களப் பத்தி ஒரு நினைப்பு இருந்துச்சா இல்லையா, ஒண்ணும் தெரியல. இதப் பாரு. ஓடிப்போற ஆளு எதுக்கு ஏணி செய்யுறான்? வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு. கண்ணு தெரியாத இருட்டுல, கையில அடிச்சுக்கிட்டு, வீட்டுக்கு வரத்தான்டா பாத்திருக்காரு."

வடிகால் சுரங்கத்துக்குள் போக அவரால் குனிய முடியவில்லை. வாயில் நின்று நான் காட்டிய வெளிச்சத்தில் பார்த்தார். பாறையில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் அங்கிருந்தும் தெரிந்தன. வெகுநேரம் பார்த்தார்.

அப்புறம்தான் அவருக்கு உடம்பு ஆட ஆரம்பித்தது. ஏணியின் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் குளிர் என்று நினைத்து எங்கள் மேல்கோட்டுகளைக் கழற்றினோம். அவர் வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"நான் பாத்துட்டேன், சரி. எங்கம்மாகிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்றார். "சுவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாளே. அவகிட்ட யாருடா போய்ச் சொல்றது?"

மேலே எங்கிருந்தோ தண்ணீர் சொட்டுவது கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் கழித்துத்தான் எலும்புகளைக் கொடுத்தார்கள். தச்சரின் மனைவியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் இடமில்லை என்றது நகராட்சி. அம்மா போய் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இரண்டாம் நாள் இடம் கிடைத்தது. பெட்டி ஒரு குழந்தையின் பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. வீட்டார் மூன்று பேர், நான், காப்பாளர், வீட்டுக்குத் துணி கொடுக்கும் இரண்டு பெண்கள். ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை. விரோதம் ஒன்றும் இல்லை. தார் பூசியவர்கள் பெரும்பாலும் செத்துவிட்டார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு அதெல்லாம் டிக்கெட் வாங்கிக் கேட்கும் ஒரு கதை. மண் தள்ளி முடித்ததும் அம்மா குனிந்து, தன் அம்மாவின் கல்லருகே ஏதோ முணுமுணுத்தார். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

அங்கேயே காப்பாளர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அம்மா, அந்தப் பழைய பலகைய எடுத்துட்டேன். புதுசு வைக்கணும். என்ன எழுதலாம்னு நீங்களே சொல்லுங்க. நான் எழுதினதுக்கு இதாவது..."

அம்மா யோசிக்கவே இல்லை. "ஏணிய எண்ணினாங்க, கயித்த எண்ணினாங்க, ஆளை எண்ணலன்னு எழுதுங்க. கீழ ஆளு இருக்கறது தெரியாம மூடிட்டுப் போனாங்க. காணோம்னு தெரிஞ்சதும் தேடாம, துரோகின்னு எழுதினாங்க. அவ்வளவுதான் எழுதுங்க."

"எழுதறேன்மா. ஆனா தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கணும். அவங்க, யாரையோ குத்தம் சொல்ற மாதிரி இருக்குன்னு..."

"குத்தந்தான் சொல்றேன். அறுபத்தாறு வருஷம் எங்களச் சொன்னீங்க. அதுக்கு யார்கிட்ட ஒப்புதல் வாங்கினீங்க?"

காப்பாளர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவர் அதை அப்படியே எழுதி அனுப்பினார் என்பது எனக்குத் தெரியும், நகலைப் பார்த்தேன். அந்த மாதக் கடைசியில் என் வேலை முடிந்து நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த வருஷம், கீழ் அடுக்கில் ஈரம் ஏறி இரண்டு விளக்கு போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். ஐந்தாவது நிறுத்தத்தில் புதுப் பலகை மாட்டியிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, அழகான எழுத்தில். 'கட்டுமானப் பணியின்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்த தொழிலாளியின் நினைவாக.' கீழே பெயர். ஏணியைத் தலைநகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், மரம் கெடாமல் பாதுகாக்க வேண்டுமாம். எப்போது வரும் என்று காப்பாளருக்கே தெரியவில்லை.

நான் ஸ்டூலில் நின்று விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கூட்டம் வந்தது. முப்பது பேர் இருக்கும். வழிகாட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. டார்ச்சைப் பலகைமேல் அடித்து ஒரு தடவை படித்துக் காட்டினார்.

"இது விபத்துன்னு எழுதியிருக்கு," என்றார். "விபத்து இல்லைங்க. ஒருத்தர இங்க விட்டுட்டுப் போயிட்டாங்க." அவர் அம்மா சொன்னதை, சொன்னபடியே சொன்னார். ஏணி ஒன்பது, கயிறு நாற்பது சுருள். பதினெட்டடிக்கு மேல் பலகை இல்லாதது. பாறையில் உட்கார்ந்தும் படுத்தும் கொத்தியது. குரலில் பழைய மனப்பாடம் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏறுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

கூட்டத்தில் தொப்பி போட்ட ஒருவர் கையைத் தூக்கினார். கையில் பழைய வழிகாட்டிப் புத்தகம். "இதுல ஏதோ துரோகி கதை இருக்குன்னு போட்டிருக்கே, அது எங்க?"

"அது இதுதாங்க."

"அப்ப காட்டிக் குடுத்தது யாரு?"

வழிகாட்டி டார்ச்சை அணைத்தார். கிணற்றுக்குள் மறுபடியும் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது, சொட்டும் சத்தம் கேட்டது.

"எங்க தாத்தாவத்தாங்க காட்டிக் குடுத்தாங்க," என்றார். "வாங்க, ஆறாவது நிறுத்தத்துக்குப் போகலாம். தலை பாத்து வாங்க, மேல கான்கிரீட் இடிக்கும்."